குரலுக்கும் ஓர் இலக்கணம்

2010ஆம் ஆண்டு முதல், சத்தீஸ்கரின் காட்டுக் கிராமங்களில் இருப்போர் பெங்களூரு எண் ஒன்றை அழைத்துத் தம் குறைகளைச் சொல்லத் தொடங்கினர். 1ஐ அழுத்தினால் பேசலாம். 2ஐ அழுத்தினால் பிறர் பேசியதைக் கேட்கலாம். இதழாளர் சுப்ரான்ஷு சௌத்ரி, மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சின் பெங்களூரு ஆய்வகத்தோடு இணைந்து உருவாக்கிய ‘சிஜிநெட் ஸ்வரா’ அது. 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 30 லட்சம் பேர் பேசும் திராவிட மொழியான கோண்டிக்கு எட்டாம் அட்டவணையில் இடமில்லை. ஒரு தொலைபேசி எண்ணில் இடம் கிடைத்தது.

அதன் அடியில் இயங்கியது ஆஸ்டெரிஸ்க். 1999இல் மார்க் ஸ்பென்சர் எழுதத் தொடங்கிய இத்திறமூல மென்பொருள், சாதாரணக் கணினியைத் தொலைபேசி நிலையமாக்கிவிடும். கூலி வரவில்லை என்று பெயர் சொல்லி முறையிட்டவரின் குரலும் எண்ணும் இத்தகைய வழங்கியில்தான் தங்குகின்றன. அவை கசிந்தால், யாரைப் பற்றி முறையிட்டாரோ அவர் அடுத்த தெருவிலேயே இருக்கக்கூடும்.

லினக்ஸின் வழக்கமான அனுமதி முறையில், கோப்பின் உரிமையாளரே அதை யார் படிக்கலாம் என்று முடிவு செய்கிறார். ரூட் பயனருக்கோ தடையே இல்லை. ஆஸ்டெரிஸ்க்கில் ஓர் ஓட்டை வழியே நுழைபவருக்கு அதன் அதிகாரம் முழுவதும் கைவரும். கட்டாய அணுகல் கட்டுப்பாடு இதை மாற்றுகிறது. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை 2000இன் இறுதியில் வெளியிட்ட எஸ்இலினக்ஸ், 2003இல் லினக்ஸ் 2.6 கருவகத்தோடு சேர்ந்தது. அதில் ஒவ்வொரு செயலிக்கும் கோப்புக்கும் ஒரு வகைப்பெயர் உண்டு. இன்ன வகைச் செயலி, இன்ன வகைப் பொருளை, இன்னது செய்யலாம் என்பதே விதியின் வடிவம்: எழுவாய், செயப்படுபொருள், பயனிலை. விதியில் இல்லாத தொடர் பிழையான தொடர். ரூட் சொன்னாலும் கருவகம் ஏற்காது.

ஆஸ்டெரிஸ்க்கில் ஒரு கோப்புறை உண்டு. அதில் உரிய வடிவிலான சிறு உரைக்கோப்பை வைத்தால் போதும், வழங்கி தானே அழைப்பு விடுக்கும். வலைப்பக்கச் செயலி அங்கே எழுத முடிந்தால், அதை உடைத்தவர் உலகின் எந்த எண்ணுக்கும் அழைப்பு விடுக்கலாம். கட்டணம் நிறுவனத்தின் தலையில் விழும். நல்ல கொள்கையில், திரும்ப அழைக்கும் செயலி மட்டுமே அங்கே எழுதும்; வலைப்பக்கம் பதிவுகளைப் படிக்கும், எண்களின் பட்டியலைத் தொடாது.

இதற்கும் எல்லை உண்டு. கடவுச்சொல்லைத் திருடியவர் அழைப்பு விடுத்தால் கொள்கை தடுக்காது. அழைப்பது ஆஸ்டெரிஸ்க்கின் முறையான வேலையல்லவா? அதற்குத் தீச்சுவரும், வலிய கடவுச்சொல்லும், வெளிநாட்டு அழைப்புக்கு வரம்பும் தனியே வேண்டும்.

நடைமுறையில் பலர் முதல் நாளிலேயே தோற்பார்கள். கொள்கையை இயக்கியதும் குரலஞ்சல் நிற்கும், பதிவு நிற்கும். நிர்வாகி ஒரே கட்டளையில் எஸ்இலினக்ஸை அணைத்துவிட்டு வீடு திரும்புவார். தடுக்காமல் குறித்துக்கொள்ள மட்டும் செய்யும் நிலையில் அதைச் சில நாள் ஓடவிட்டு, குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்து விதி எழுதுவதே முறை. குறிப்புகளிலிருந்து விதிகளைத் தானே வரைந்து தரும் கருவியும் உண்டு. அதைக் கண்மூடி ஏற்பது, கிடைத்த தரவையெல்லாம் இலக்கணமாக்குவது போன்றது. அந்நாட்களில் திருடன் உள்ளே இருந்திருந்தால் அவன் செய்ததும் விதியாகிவிடும்.

அழைத்தவருக்கு இவை எதுவும் தெரியாது. ஒலி கேட்டதும் பேசினார், பேசி முடித்ததும் வைத்துவிட்டார். அவர் பெயரும் எண்ணும் இனி யார் கண்ணில் படலாம் என்பதை, தொலைதூர நகரத்தில் அவர் ஒருநாளும் காணப்போகாத ஒருவர், அந்தக் குறிப்புகளைப் பொறுமையாகப் படித்தாரா இல்லையா என்பதே தீர்மானிக்கிறது.