தண்டு பச்சையா இருக்குல்ல?

கதை, கவிதை, காதல் என்று மலர் முழுக்க எழுதிக் குவித்திருப்பீர்கள். நான் எழுதப் போவது ஒரு செடியைப் பற்றி. "மெக்கானிக்கல் பையனுக்குச் செடி எதுக்குடா?" என்று கடைசி பெஞ்ச் கேட்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

2023 நவம்பர். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். மணமேடையைச் சுற்றி ஊதாவும் வெள்ளையுமாகப் பூக்கள். அம்மா ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது நெஜப் பூவாடா, பிளாஸ்டிக்கா?" என்று கேட்டார். ஆர்க்கிட் என்று சொன்னேன். வீடு வந்து சேரும் வரை அதே பேச்சு. அம்மா எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் சென்னைக்குப் போனபோது, டிரெயினிங்கில் கிடைத்த பணத்தில் 450 ரூபாய் கொடுத்து, அதே பூ பூத்த தொட்டி ஒன்றை வாங்கினேன். மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸில் கும்மிடிப்பூண்டி லோக்கல் பிடித்து, மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்திலிருந்த பூக்கார அம்மா விலையைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்தத் துட்டுக்கு எத்தனை மொழம் மல்லி வரும் தெரியுமா தம்பி?"

வீட்டிலும் பாராட்டு இல்லை. "அப்பாவுக்கு வேலை இல்லாத நேரத்துல இது தேவையா?" என்றார் அம்மா.

அது உண்மைதான். அப்பா சிப்காட்டில் ஒரு ரீ-ரோலிங் மில்லில் பதினாறு வருடம் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர். அந்தத் தீபாவளிக்கு முன்பு ஆள் குறைத்தார்கள். அதில் அவரும் ஒருவர். அதன் பிறகு வாசல் திண்ணையில் உட்கார்ந்து, போகிற வருகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பேச்சே நின்றுபோனது. எனக்கோ மூன்று அரியர். படிப்பை விட்டுவிட்டு ஏதாவது ஒரு மில் கேட்டில் போய் நின்றுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

செடிக்கு வருகிறேன். மல்லிச் செடிக்கு ஊற்றுவது போலக் காலையும் மாலையும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினேன். பாசம்! போதாததற்கு டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் வந்தது. தொட்டியை உள்ளே எடுத்துவைக்க யாருக்கும் தோன்றவில்லை. பூ உதிர்ந்தது. இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி விழுந்தன. பொங்கல் வருவதற்குள் ஐந்து மொட்டைத் தண்டுகள்தான் மிச்சம்.

போகி அன்று பழைய பாயோடு அதையும் சேர்த்து வெளியே எடுத்துப் போனேன். திண்ணையிலிருந்து அப்பாவின் குரல்.

"அதை ஏன்டா தூக்கிப் போடுற?"

"செத்துப் போச்சுப்பா."

"தண்டு பச்சையா இருக்குல்ல? உள்ள எதையோ சேத்து வெச்சிருக்கு. கீழ என்னா ஆச்சுன்னு பிரிச்சுப் பாரு."

இரண்டு மாதத்தில் அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான்.

தொட்டியைக் கவிழ்த்தோம். தேங்காய் நார் சேறாகி நாற்றம் அடித்தது. வேர்களில் பாதிக்கு மேல் கறுத்திருந்தன. விரலால் அழுத்தினால் தோல் தனியாக உருவிக்கொண்டு வந்தது. கெட்டியாக, வெள்ளையாக நாலே நாலு வேர்.

அதற்குப் பிறகுதான் அது என்ன செடி என்று தேடிப் படித்தேன். (வாங்குவதற்கு முன்பே படித்திருக்க வேண்டும்!) அதன் பெயர் டென்ட்ரோபியம். கிரேக்கத்தில் 'மரத்தில் வாழ்வது' என்று பொருள். மண்ணில் வளராது, மரத்தைப் பிடித்துக்கொண்டு, காற்றில் வேரைத் தொங்கவிட்டு வளரும். ஆனால் மரத்தை உறிஞ்சுகிற ஒட்டுண்ணி கிடையாது. நம் தமிழ்நாட்டுச் சமவெளி மரங்களிலேயே வாண்டா டெசலேட்டா என்ற ஆர்க்கிட் இப்படி வளர்கிறது. வேரைச் சுற்றி வெலமன் என்று ஸ்பாஞ்சு போல ஓர் உறை. மழை பட்டால் உறிஞ்சிப் பச்சையாகும், காய்ந்தால் வெள்ளையாகும். அப்படி நனைந்து நனைந்து காய வேண்டிய வேரைத் தண்ணீரிலேயே நிறுத்தினால் காற்று கிடைக்காமல் அழுகிவிடும். நம் பாஷையில் சொன்னால், கார்புரேட்டர் ஓவர்ஃப்ளோ. பெட்ரோல் குறைந்து நின்ற வண்டி இல்லை, கூடிப்போய் நின்ற வண்டி!

அப்பா சொன்னதும் சரிதான். அந்தத் தடித்த தண்டுதான் செடியின் சேமிப்பு. தண்ணீரும் உணவும் அதில்தான் இருக்கும். இலை போனாலும் தண்டு பச்சையாக இருந்தால் வெட்டக்கூடாது.

வேலையை ஆரம்பித்தோம். பிளேடைத் தீயில் காட்டி ஆறவைத்து, அழுகிய வேர்களை நறுக்கினேன். வெட்டிய இடத்தில் மட்டும் பூஞ்சை பிடிக்காமலிருக்க, அம்மாவின் அஞ்சறைப் பெட்டியிலிருந்து பட்டையைப் பொடித்து வைத்தேன். அப்பா ஓட்டாஞ்சில்லும் அடுப்புக்கரியும் உடைத்துக் கொடுத்தார். பழைய பிளாஸ்டிக் கூடையில் அதைப் போட்டுச் செடியை நிறுத்தி, ஆடாமல் குச்சியில் கட்டி, முருங்கை மரத்தடியில் தொங்கவிட்டோம். முருங்கை நிழல் சல்லடை மாதிரி. வெளிச்சம் வரும், வெயில் சுடாது.

எங்கள் போர் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற உப்புத் தண்ணீர். ஆர்க்கிட் வேருக்கு உப்பு ஆகாது. அதனால் கேன் தண்ணீரில் ஒரு டம்ளர், அதுவும் வேர் வெள்ளையான பிறகு, காலையில் மட்டும். "நமக்கே கேன் தண்ணி பத்தல" என்று அம்மா முணுமுணுத்துக்கொண்டேதான் எடுத்துக் கொடுப்பார்.

மூன்று மாதம் ஒன்றுமே நடக்கவில்லை. மருந்து, உரம் என்று எதையாவது ஊற்றலாமே என்று கை துறுதுறுக்கும். வேர் இல்லாத செடிக்கு உரம் போட்டால் இருக்கிற வேரும் கருகும். சும்மா இருப்பதுதான் கஷ்டமான வேலை என்று அப்போது தெரிந்தது.

ஏப்ரலில் ஒரு நாள் பரீட்சைக்குக் கிளம்பும்போது அப்பா கூப்பிட்டார். "டேய், இங்க வா. மொளை வந்திருக்கு பாரு!" தண்டின் அடியில் கடுகு அளவுக்குப் பச்சை. எங்களுக்குத் தெரியாமல் தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

முளை தண்டானது. புது வேர் வந்த பிறகுதான் 19:19:19 உரத்தை லிட்டருக்கு அரை கிராம் கரைத்து, வாரம் ஒரு முறை தெளித்தேன். இலையில் படிகிற கரித்தூசியை ஞாயிற்றுக்கிழமைகளில் ஈரத்துணியால் துடைப்பது அப்பாவின் டூட்டி. ஜூனில் அவர் ஒரு சின்ன லேத் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். சம்பளம் முன்பைவிடக் குறைவு. ஆனால் சாயங்காலம் வந்ததும் பட்டறைக் கதை சொல்வார். எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

ஒரு பழைய மொட்டைத் தண்டின் கணுவில் குட்டிச் செடி ஒன்றும் முளைத்தது. இதற்குக் 'கெய்கி' என்று பெயர். ஹவாய் மொழியில் குழந்தை என்று அர்த்தம். போகியில் வீசப் போன தண்டு, நண்பர்களே!

2024 அக்டோபரில் பூங்காம்பு நீண்டது. கார்த்திகை தீபத்துக்கு முன்பு பூத்தது. ஏழு பூக்கள். அம்மா யாரையும் தொடவிடவில்லை. "நெஜப் பூதான்" என்று தெருவுக்கே சொன்னார்.

இன்னொன்றும் படித்தேன். ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும், உள்ளே உணவே கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். 1922-ல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் சர்க்கரை கலந்த ஊடகத்தில் பூஞ்சை இல்லாமலே முளைக்க வைத்தார். 1960-ல் பிரான்சின் ஜார்ஜ் மொரெல் தண்டு நுனித் திசுவிலிருந்து செடிகளைப் பெருக்கும் வழியைக் காட்டினார். அதனால்தான் பணக்காரர் மாளிகையில் இருந்த செடி லோக்கல் டிரெயினில் என் மடியில் வந்தது.

என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மூன்று அரியரில் இரண்டு போயாச்சு, ஒன்று பாக்கி. மில் கேட்டுக்குப் போகவில்லை. அரியர் லிஸ்டைப் பார்த்துப் படிப்பை விடலாமா என்று உட்கார்ந்திருக்கும் நண்பா, உன்னிடம்தான் கேட்கிறேன். தண்டு பச்சையா இருக்குல்ல? அப்புறம் என்ன!

குட்டிச் செடி இப்போது தனிக் கூடையில் வளர்கிறது. வேண்டுபவர்கள் முன்கூட்டியே சொல்லவும். ஒரே கண்டிஷன்: தினமும் தண்ணீர் ஊற்றக்கூடாது!

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை