எண்ணெய்ல தண்ணி ஊத்தாதீங்க பாஸ்!

உங்க ரூம்ல இன்னிக்கு நைட் என்ன சமையல்? மேகியா, முட்டைப் பொரியலா, இல்ல ஊர்லேர்ந்து அம்மா கட்டிக்கொடுத்த அப்பளத்தைப் பொரிச்சு ரசஞ்சாதத்துக்குத் தொட்டுக்கப் போறீங்களா? எதுவா இருந்தாலும் ஓகே. ஆனா ஒரே ஒரு கேள்வி. வாணலியில தீ பிடிச்சா அடுத்த பத்து செகண்ட்ல என்ன பண்ணுவீங்க?

இந்தக் கேள்வியை எங்க காலேஜ் கேன்டீன்ல பன்னிரண்டு பேர்கிட்ட கேட்டேன். அதுல ஒன்பது பேர் யோசிக்காம சொன்ன பதில், "தண்ணி ஊத்துவேன் மச்சி!" அதனாலதான் இந்தக் கட்டுரை.

'அட, கிச்சன் தீயெல்லாம் ஒரு மேட்டரா?'னு நினைக்கிறவங்களுக்கு ரெண்டே ரெண்டு தேதி. 2004 ஜூலை 16, கும்பகோணம். பள்ளிக்கூடத்துச் சமையல் கூடத்துல கிளம்பின தீ கூரைக்குத் தாவி, 94 குழந்தைகள் உயிர் போச்சு. நம்மள்ல பல பேர் அப்போ பிறக்கவே இல்லை. 2023 ஆகஸ்ட் 26, மதுரை. லக்னோவிலேர்ந்து வந்து நின்னுட்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில, விதியை மீறிக் கொண்டுவந்த காஸ் சிலிண்டரை வெச்சு விடிகாலையில டீ போட்டாங்க. ஒன்பது பேர் திரும்பி வீட்டுக்குப் போகலை. ரெண்டு இடத்திலயும் யாரும் பெருசா ஒண்ணும் பண்ணலை. சமைச்சாங்க, அவ்வளவுதான்.

இனி எங்க ரூம் கதை. கோயம்புத்தூர் பீளமேட்டுல மாடி போர்ஷன். நாங்க அஞ்சு பேர், அஞ்சு டிபார்ட்மென்ட். பெயர் போட்டா உதை விழும்ங்கிறதால டிபார்ட்மென்ட் பெயரையே வெச்சுக்கறேன். ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வாழைக்காய் பஜ்ஜி பிளான். ஈ.சி.இ. எண்ணெயைக் காயவெச்சான். ஹால்ல மேட்ச் கடைசி ஓவர். "ஒரே ஒரு பால்டா"னு போனவன் ஆறு பாலையும் பார்த்துட்டான். நான் கடைக்குப் போயிட்டு தயிர் பாக்கெட்டோட படியேறும்போது, மேலேர்ந்து 'புஸ்ஸ்ஸ்'னு ஒரு சத்தம். அப்புறம் ஒரு அலறல்.

நடந்தது இதுதான். எண்ணெய் தானாவே பத்திக்கிச்சு. அதைப் பார்த்துட்டு ஓடின மெக்கானிக்கல், கைக்குக் கிடைச்ச மக்குல தண்ணியை மொண்டு ஊத்திட்டான். தெர்மோடைனமிக்ஸ்ல எங்க பேட்ச்லயே அதிக மார்க் வாங்கினவன் அவன்! தீ ஒரே எம்பு, சீலிங்கைத் தொட்டுச்சு. அவனோட வலது முன்கை முழுக்க எண்ணெய்.

எங்களைக் காப்பாத்தினது கீழ்வீட்டு ஹவுஸ் ஓனர் அம்மா. சத்தம் கேட்டு வந்தவங்க, "யாரும் தண்ணி ஊத்தாதீங்க கண்ணு, மெயினை ஆஃப் பண்ணுங்க"னு குரல் கொடுத்துக்கிட்டே மேடைக்குக் கீழ குனிஞ்சு ரெகுலேட்டரைத் திருப்பினாங்க. ஒரு பெரிய தாம்பாளத்தைப் பக்கவாட்டுலேர்ந்து தள்ளி வாணலியை மூடினாங்க. ஷெல்ஃப்ல எரிஞ்ச பேப்பரை ஈரச் சாக்கால அமுக்கினாங்க. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அவங்க படிச்சது எட்டாங்கிளாஸ்.

ஏன் தண்ணி கூடாது?

சமையல் எண்ணெய் முதல்ல புகையும். அதுதான் வார்னிங். அதையும் கண்டுக்காம விட்டா, சுமார் 350 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது தீக்குச்சியே இல்லாம தானா பத்திக்கும். தண்ணி கொதிக்கிறதோ 100 டிகிரியில. எண்ணெயை விடத் தண்ணி கனம்ங்கிறதால, ஊத்தினதும் நேரா அடிக்குப் போகும். அங்க இருக்கிற சூட்டுக்கு நொடியில ஆவியாகி, கிட்டத்தட்ட 1,700 மடங்கு விரியும். விரியற ஆவி எங்க போகும்? மேல இருக்கிற எரியற எண்ணெயைப் பொடிப்பொடித் துளியா தூக்கி வீசிக்கிட்டு வெளியே வரும். ஒரு மக்கு தண்ணியில ஒரு தீப்பந்து ரெடி.

செய்ய வேண்டியது நாலே விஷயம். அடுப்பை அணைங்க. கைக்கு எட்டலைன்னா ரெகுலேட்டரை. தட்டையான உலோக மூடியையோ தட்டையோ பக்கவாட்டுலேர்ந்து தள்ளி மூடுங்க, காத்து கிடைக்காம தீ செத்துடும். மூடினதைத் திறந்து 'அணைஞ்சிடுச்சா?'னு எட்டிப் பார்க்காதீங்க, நல்லா ஆறுற வரைக்கும் அப்படியே கிடக்கட்டும். சூடா இருக்கும்போது திறந்தா மறுபடி பத்திக்கும். வாணலியைத் தூக்கிக்கிட்டு பாத்ரூமுக்கு ஓடவே ஓடாதீங்க. தீ பாத்திரத்தைத் தாண்டிப் பரவிடுச்சா? ஹீரோயிசம் வேண்டாம். எல்லாரையும் கூட்டிக்கிட்டு வெளியே வந்து 101க்கோ 112க்கோ போன் பண்ணுங்க. சட்டையில தீ பிடிச்சா ஓடக் கூடாது, கீழே படுத்து உருளணும்.

அடுத்தது மெக்கானிக்கலோட கை. ஒருத்தன் டூத் பேஸ்ட்டைத் தூக்கிக்கிட்டு வந்தான், இன்னொருத்தன் இங்க் தேடினான். ஹவுஸ் ஓனர் அம்மா ரெண்டு பேரையும் தள்ளிவிட்டுட்டு அவன் கையைக் குழாயடியில பிடிச்சாங்க. ஆஸ்பத்திரியில டாக்டர் முதல்ல கேட்ட கேள்வியே, "எவ்வளவு நேரம் தண்ணியில காமிச்சீங்க?"ங்கிறதுதான். இருபது நிமிஷம் ஓடுற சாதாரணத் தண்ணி. ஐஸ், பேஸ்ட், நெய் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்கக் கூடாது. வாட்ச், மோதிரத்தை வீக்கம் வர்றதுக்கு முன்னாடியே கழட்டிடணும். அவ்ளோதான் முதலுதவி.

கை பிழைச்சுது. ஆனா மூணு வாரம் கட்டு. நடுவுல செமஸ்டர். ரெண்டு பேப்பர் எழுத முடியலை. அரியரே இல்லாம வந்த பையனுக்கு முதல் முறையா ரெண்டு அரியர். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வர்ற சில கம்பெனிகள் கேட்கிற முதல் கண்டிஷன் 'நோ அரியர்ஸ்'. பஜ்ஜிக்கு இது ரொம்ப ஓவர் விலை இல்லையா?

கருகின கிச்சனை என்ன பண்ண?

அட்வான்ஸ் பணம் இருபதாயிரம். அதைப் பிடிச்சுக்குவாங்கன்னு நாங்க பயந்தோம். ஆனா அம்மா, "பழையபடி பண்ணிக் குடுத்துருங்க சாமி, அட்வான்ஸைத் தொடமாட்டேன்"னுட்டாங்க. நான் சிவில். அதனால மேஸ்திரி போஸ்ட் எனக்கு! இந்த மூணு வாரத்துல கத்துக்கிட்டதை அப்படியே தர்றேன், யாருக்காவது உதவும்.

முதல் வேலை, எதையும் துடைக்கிறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துடுங்க. ஓனர்கிட்டயோ இன்ஷூரன்ஸ்லயோ பேச அதுதான் ஆதாரம். அப்புறம் எலெக்ட்ரீஷியன். அவர் பார்த்து ஓகே சொல்ற வரைக்கும் கிச்சன் லைனுக்கு கரன்ட் கிடையாது. சாதாரண வீட்டு ஒயரோட பி.வி.சி. உறை தாங்குற சூடு வெறும் 70 டிகிரி. வெளியில நல்லா தெரியற சுவிட்ச் போர்டுக்குள்ள ஒயர் உருகி ஒட்டியிருக்கும். எங்க வீட்ல எக்ஸாஸ்ட் ஃபேன் லைனே அப்படித்தான் இருந்துச்சு. காஸ் டியூப்பைக் கண்ணை மூடிக்கிட்டு மாத்துங்க. சூடு பட்ட ரெகுலேட்டரும் சிலிண்டரும் ஏஜென்சி ஆள் வந்து பார்க்காம மறுபடி பயன்படுத்தவே கூடாது. திறந்திருந்த மளிகைச் சாமான், பிளாஸ்டிக் டப்பால இருந்தது எல்லாம் குப்பைக்கு. மனசு வலிக்கும். ஆனா புகை பட்ட பருப்பை வேகவெச்சுச் சாப்பிட்டா வயிறும் வலிக்கும்.

அடுத்தது கரி. எல்லாரும் பண்ற தப்பு, ஈரத்துணியை எடுத்து ஒரே தேய். கரி எண்ணெய்ப் பிசுக்கோட கலந்து சுவருக்குள்ள ஊறிடும், ஒரு கை அகலக் கறை ஒரு சுவர் அளவு ஆயிடும். முதல்ல ஜன்னலைத் திறந்து, மூக்கை மூடிக்கிட்டு, காய்ஞ்ச பிரஷ்ஷால மேலேர்ந்து கீழே தட்டி எடுக்கணும். அதுக்கப்புறம்தான் வெந்நீர்ல சோப்புத்தூளோ சலவை சோடாவோ கலந்து கழுவறது. கழுவும்போது சுவர்ல கீழேர்ந்து மேலே போகணும். ஏன்னா அழுக்குத் தண்ணி காய்ஞ்ச கரிச் சுவர்ல வழிஞ்சா கோடு கோடா விழும், அது போகவே போகாது. கடைசியா நல்ல தண்ணியில அலசிக் காயவிடணும்.

கழுவினதும் நேரா வெள்ளையடிச்சிடலாம்னுதான் ஐ.டி.க்காரன் சொன்னான். பெயின்டர் அண்ணன் சிரிச்சார். "தம்பி, ஒரு வாரத்துல மஞ்சளா மேல வந்துரும், வாசமும் வரும்"னார். கறையை உள்ளேயே பூட்டிவைக்கிற ஆயில் பிரைமர் ஒரு கோட் அடிச்சுட்டு அதுக்கு மேலதான் பெயின்ட்.

சிவில் மூளைக்கு வேலை கொடுத்த இடம் சீலிங். விரல் முட்டியால தட்டிப் பாருங்க. 'டக் டக்'னா ஓகே. 'டொம் டொம்'னு உள்ளே காலியா கேட்டா பூச்சு கம்பியை விட்டு... ஸாரி, கான்கிரீட்டை விட்டுக் கழண்டிருக்குன்னு அர்த்தம். ஒருநாள் யார் தலையிலாவது விழும். எங்களுக்கு ஒரு தட்டு அளவு பூச்சைக் கொத்திட்டு மறுபடி பூசி, ஒரு வாரம் தண்ணி அடிச்சு (சுவருக்குத்தான்!) விட்டோம். பூச்சுக்கு உள்ளே இருக்கிற கான்கிரீட்டோட நிறத்தையும் பார்க்கணும். சுமார் 300 டிகிரியைத் தாண்டிச் சுட்டா பல கான்கிரீட் இளஞ்சிவப்பா மாறும். மணல், ஜல்லியில இருக்கிற இரும்புச் சத்து பண்ற வேலை அது. அந்த நிறம் தெரிஞ்சா மேஸ்திரி பத்தாது, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரைக் கூப்பிடணும். எங்களுதுல வெறும் கரிதான். லேப்ல படிச்சப்போ தூக்கம் வந்த பாடம், சீலிங்கை அண்ணாந்து பார்த்தப்போ வயித்தைக் கலக்குச்சு.

மொத்தச் செலவு 7,400 ரூபாய். அஞ்சால வகுத்துக்கிட்டோம்.

உங்க ரூமுக்கு ஒரு ரவுண்ட்

'இன்ஷூரன்ஸ் இருக்கே'னு சில பேர் சொல்லலாம். இருக்கு. எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வெச்சிருக்கிற பாலிசியில, உயிரிழப்புக்கு ஒருத்தருக்கு 6 லட்சம், சிகிச்சைக்கு ஒருத்தருக்கு அதிகபட்சம் 2 லட்சம், பொருள் சேதத்துக்கு 2 லட்சம் வரைன்னு பாராளுமன்றத்துல மத்திய அரசு சொல்லியிருக்கு. ஆனா தீக்கு மூல காரணமே காஸா இருக்கணும். எண்ணெய் பத்தினதெல்லாம் கணக்குல வராது. பொருள் சேதத்துக்கு, கனெக்‌ஷன் பதிவான முகவரியிலயே விபத்து நடந்திருக்கணும். பேச்சிலர் ரூம்கள்ல சிலிண்டர் யாரோட பெயர்ல, எந்த ஊர் அட்ரஸ்ல இருக்குன்னு கேட்டுப் பாருங்க, சிரிப்பு வரும். 'சோட்டு'ங்கிற 5 கிலோ சிலிண்டருக்கு முகவரிச் சான்று தேவையில்லை, அடையாள அட்டை போதும். பிளாக்ல வாங்கறதுக்குப் பதிலா அதையாவது வாங்குங்க.

வாங்கறப்போ சிலிண்டர் கழுத்துப் பட்டையோட உள்பக்கம் பாருங்க, ஒரு ஆங்கில எழுத்தும் ரெண்டு எண்ணும் இருக்கும். ஏ-ன்னா ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். எண் வருஷம். அந்தத் தேதிக்குள்ள சிலிண்டரை டெஸ்ட் பண்ணியாகணும். தேதி தாண்டியிருந்தா வாங்காதீங்க. டியூப் ஐ.எஸ்.ஐ. முத்திரையோட இருக்கணும், அஞ்சு வருஷத்துக்கு மேல ஓட்டக் கூடாது. லீக் இருக்கான்னு பார்க்க சோப்புத் தண்ணி தடவினா போதும், குமிழ் வந்தா லீக். தீக்குச்சி டெஸ்ட் பண்றவங்களுக்கு ஒரு பெரிய கும்பிடு.

காஸுக்குன்னு வாசனையே கிடையாது. அந்த நாத்தம் நம்மளை எச்சரிக்கத்தான் எத்தில் மெர்காப்டன்னு ஒரு சரக்கைக் கலந்து வர வைக்கிறாங்க. அந்த வாசம் வந்தா சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெண்டுமே ஸ்பார்க். காஸ் காத்தை விடக் கனம், தரையோட தரையா தேங்கி நிக்கும். அதனால ஜன்னல் மட்டும் பத்தாது, கதவையும் திறங்க. ரெகுலேட்டரை மூடிட்டு வெளியே போய் 1906க்குப் போன் பண்ணுங்க.

'நாங்க இண்டக்‌ஷன் பார்ட்டி, சேஃப்'னு சொல்ற ஹாஸ்டல்வாசிகளே, உங்களுக்கும் ஒரு கணக்கு. 2,000 வாட்டை 230 வோல்ட்டால வகுங்க. கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர். உங்க சின்ன சாக்கெட்டோ வெறும் 6 ஆம்பியர். அதுல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு, பக்கத்துல கெட்டிலும் செருகினா, ஒயர்தான் அடுப்பு.

இதையெல்லாம் படிச்சுட்டு லைக் போட்டு மறந்துடாதீங்க. இப்பவே எழுந்து கிச்சனுக்குப் போங்க. டியூப்ல போட்டிருக்கிற வருஷத்தைப் பாருங்க. வாணலிக்குப் பொருந்துற ஒரு தட்டைத் தேடி அடுப்புக்குப் பக்கத்துல ஆணியில மாட்டுங்க. ரூம்மேட்டைக் கூப்பிட்டு, 'தீ பிடிச்சா என்னடா பண்ணுவ?'னு கேளுங்க.

'தண்ணி ஊத்துவேன்'னு சொன்னா, இந்தப் பக்கத்தைக் கிழிச்சு அடுப்புக்கு நேரா... வேண்டாம் வேண்டாம், ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டுங்க!