நானாவின் இரண்டாவது பரீட்சை

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஆறு பேர் உட்காரலாம். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த கையோடு அதில் பாதியை நானா பிடித்துக்கொண்டார். ஒரு மடிகணினி, இரண்டு தடித்த ஆங்கிலப் புத்தகங்கள், கிழித்த கலண்டர் தாள்கள், எப்போதும் ஆறிப்போன ஒரு கோப்பை பிளேன்டீ. மீதிப் பாதியில்தான் நாங்கள் சாப்பிட்டோம். உம்மா முணுமுணுத்தாலும் அந்தத் தாள்களில் ஒன்றைக்கூட நகர்த்தவில்லை.

நானா படித்தது சிஸ்கோ நிறுவனத்தின் சீசீஎன்ஏ பரீட்சைக்கு. கணினி வலையமைப்பொன்றை அமைக்கவும் பழுது பார்க்கவும் ஒருவருக்குத் தெரியும் என்று உலகத்தின் எந்த மூலையிலும் ஏற்றுக்கொள்கிற சான்றிதழ் அது. பரீட்சை 120 நிமிடம். கட்டணம் 300 டொலர், எங்கள் கணக்கில் ஏறத்தாழ 90,000 ரூபா. சித்தியடைந்தால் சான்றிதழ் மூன்று வருடத்துக்குச் செல்லும். தவறினால் காசு போனதுதான். அடுத்த முறைக்கு மறுபடியும் முழுக் கட்டணம்.

ஒரு தடவை அப்படிப் போய்விட்டது. கட்டாரிலிருந்து கொண்டுவந்த மிச்சக் காசில் நானா முதல் தடவை எழுதினார். கொழும்பிலிருந்து வந்தவர் இரண்டு நாளாக யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் உம்மா உடுப்புக் கழுவ எடுத்தபோது காற்சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்று விழுந்தது. ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை வீதம் என்று அதில் போட்டிருந்தது. உம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. என்னைத்தான் கூப்பிட்டார். நான் வாசித்தேன். அந்தத் தாளை நான் வாசித்திருக்கக் கூடாது என்று இப்போதும் நினைக்கிறேன்.

கட்டாரில் நானா நான்கு வருடம் வேலை செய்தது வலையமைப்புத் துறையில்தான். ஆனால் அவர் செய்தது கேபிள் இழுக்கிற வேலை. கூரைக்கு மேலே ஏறி, புழுக்கத்தில் தவழ்ந்து, ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு வயர் கொண்டுபோவார். அந்த வயர் வந்து சேர்கிற ஏசி அறையில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். "நான் இழுத்துக் குடுப்பன், அவர் சொருகுவார். சம்பளம் மட்டும் ரெண்டு மடங்கு" என்று நானா சொல்வார். ஒப்பந்தம் முடிந்து வந்தபோது, திரும்பிப் போனால் அந்த அறைக்குள்தான் போவேன் என்று முடிவெடுத்து வந்திருந்தார்.

இரண்டாம் தடவைக்கான காசுக்கு உம்மா தன் வளையலில் ஒன்றை விற்றார். அடகு வைத்திருந்தால் பிறகு மீட்கலாமே என்று மாமி சொன்னார். வட்டிக்கு வைக்க மாட்டேன் என்று உம்மா சொல்லிவிட்டார். வளையல் போனது போனதுதான். உம்மா ஒரு கையில் மட்டும் வளையலோடு ரொட்டி சுடுவதைப் பார்க்கிறபோதெல்லாம் நானா பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்.

நான் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு. தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் என் பாடங்களில் ஒன்று. வலையமைப்பு அலகு எங்களுக்கும் உண்டு. ஆகவே இஷாவுக்குப் பிறகு கேள்வி கேட்கிற வேலை என் தலையில் விழுந்தது.

"தங்கச்சி, இதப் பாத்து ஒண்டொண்டாக் கேளு. நான் விட செல்றன்."

நானா நீட்டியது அவருடைய கைபேசி. அதில் ஒரு பீடிஎஃப் கோப்பு. அவரோடு வேலை செய்த ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியது. பல நூறு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் கீழே விடை. நான் கேட்கத் தொடங்கினேன். கேள்வி பாதி போவதற்குள் நானா விடை சொல்லிவிடுவார். "பீ." "டீ." "ஏ." "சீ." அடுப்படியிலிருந்து உம்மா எட்டிப் பார்த்தார்.

"ஆருக்கு மகன் சீ, சீ எண்டு செல்றாய்?"

நாங்கள் சிரித்தோம். முதல் நாள் நான் உண்மையிலேயே வியந்துபோனேன். இவ்வளவு தெரிந்தவர் எப்படித் தவறினார்?

மூன்றாம் நாள் எனக்கு நித்திரை வந்தது. ஒரு கேள்வியின் தெரிவுகளை வரிசை மாறி வாசித்துவிட்டேன். "சீ" என்றார் நானா. என் வாசிப்பின்படி சீ பிழை. நான் ஒன்றும் சொல்லாமல் அடுத்ததை வேண்டுமென்றே மாற்றி வாசித்தேன். "ஏ" என்றார். அதுவும் பிழை. ஐந்து கேள்வி அப்படிப் போனது. நானாவுக்குத் தெரிந்திருந்தது விடையல்ல, விடை இருக்கிற இடம்.

மனனம் செய்வதைக் குறை சொல்கிற தகுதி எனக்கில்லை. சாதாரண தரத்தில் 'எனது எதிர்கால இலட்சியம்' என்று ஒரு கட்டுரையைப் பாடமாக்கிக்கொண்டு போய், எந்தத் தலைப்பு வந்தாலும் அதை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கத் தயாராக இருந்தவள் நான். வைத்தியராக வேண்டும் என்று உருக்கமாக எழுதிப் பழகியிருந்தேன். எனக்கு இரத்தத்தைக் கண்டாலே தலை சுற்றும். ஆனால் மத்ரஸாவில் எங்கள் முஅல்லிமா சூரா பாடம் கேட்கும் விதம் ஞாபகம் வந்தது. ஆரம்பத்திலிருந்து ஓத விடமாட்டார். நடுவில் ஓர் ஆயத்தை அவரே ஓதி நிறுத்துவார். அங்கிருந்து நாங்கள் தொடர வேண்டும். பாட்டுப் போல ஓதிப் பழகியவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்வோம்.

அன்றிரவே இன்னொன்றும் நடந்தது. கோப்பில் ஒரு கணக்கு. எண்களை மாற்றித்தான் இங்கே எழுதுகிறேன். 192.168.10.77 என்பது ஒரு கணினியின் முகவரி, அதன் சப்நெட் மாஸ்க் 255.255.255.224. அந்த உபவலையில் கணினியொன்றுக்குக் கொடுக்கக்கூடிய கடைசி முகவரி எது? கீழே இருந்த விடையில் 95 என்று முடிந்தது.

இதை ஆசிரியை எங்களுக்குக் கரும்பலகையில் இருபது தடவையாவது செய்து காட்டியிருப்பார். 256இலிருந்து 224ஐக் கழித்தால் 32. ஆகவே 0, 32, 64, 96 என்று முப்பத்திரண்டு முப்பத்திரண்டாகத் தெரு பிரிகிறது. 77ஆம் இலக்க வீடு 64இல் தொடங்கும் தெருவில் இருக்கிறது. 64 அந்தத் தெருவின் பெயர். அதை எந்த வீட்டுக்கும் கொடுக்க முடியாது. 95 எல்லோரையும் ஒரேயடியாகக் கூப்பிடுகிற இலக்கம். அதையும் கொடுக்க முடியாது. மிச்சம் 65இலிருந்து 94 வரை, முப்பது வீடு. விடை 94.

"நானா, இது பிழை."

"பீடிஎஃப்ல பிழ வராது. எத்தின பேர் இதப் படிச்சிப் பாஸ் பண்ணீக்கிறாங்க."

"அப்ப நீங்க ஏன் பாஸாகல்ல?"

சொன்ன பிறகுதான் என் வாய் எனக்கே உறைத்தது. நானா கைபேசியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். நான் அதோடும் நிறுத்தவில்லை. பரீட்சை தொடங்குமுன் கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒவ்வொருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதை நானாவே முன்பொரு தடவை சொல்லியிருந்தார். "அப்பிடியெண்டா இந்தக் கேள்வியெல்லாம் எப்பிடி வெளிய வந்த? இது களவுதானே?" என்று கேட்டேன்.

"ஒனக்கு வயசு பதினேழு. எனக்கு இருவத்தெட்டு. ஒரு கையில வளையலோட நிக்கிற உம்மாவ நான் பாக்கிறன். நீ களவு எண்டு செல்றாய்."

இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சில்லை. அந்த இரண்டு நாளும் நான் அதையேதான் யோசித்தேன். ரியூஷனில் 'இந்த வருடம் வரும்' என்று கொடுக்கிற வினாக்களை நான் வாங்கிப் பத்திரப்படுத்தாமல் விட்டேனா? அது அனுமானம், இது களவு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் நானாவிடம் அதைச் சொன்ன தொனியில் ஒரு பெருமை இருந்தது. அதை என்னிடமே மறைக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் இரவு நான் படித்துக்கொண்டிருந்தேன். மேசையின் மறுபக்கத்திலிருந்து ஒரு கலண்டர் தாள் நகர்ந்து வந்தது. அதில் 0, 32, 64, 96 என்று எழுதி 95ஐச் சுற்றி வட்டம் போட்டிருந்தது. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

"ஏன் இதக் குடுக்க ஏலா?"

பள்ளிவாசல் ஒலிபெருக்கியைத்தான் உதாரணமாகச் சொன்னேன். மையித்து அறிவித்தல் வந்தால் எங்கள் மஹல்லாவில் எல்லா வீட்டுக்கும் கேட்கும். அந்த ஒலிபெருக்கியின் இலக்கத்தை ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டால், அந்த வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறபோதெல்லாம் ஊரே வந்து நிற்கும். அடுத்த மஹல்லாவுக்கு அந்தச் சத்தம் போகாது. அங்கே சொல்வதென்றால் யாராவது போய்ச் சொல்ல வேண்டும். வழிப்படுத்தி என்று நாங்கள் படிக்கிற ரவுட்டர், அந்த எல்லையில் நிற்கிற ஆள். தனக்கு ஒரு பக்கத்தில் எழுகிற ஒலிபெருக்கிச் சத்தத்தை மறுபக்கத்துக்கு அது விடுவதில்லை.

நானா கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். "நாலு வருஷம் அந்த வயர இழுத்தன். அதுக்குள்ள என்ன ஓடுது எண்டு ஒருத்தனும் எனக்குச் செல்லல்ல" என்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு இரவும் நான் இருபது கணக்கு எழுதிக் கொடுப்பேன். பாடசாலைத் தமிழில் துவிதம், ஆளி, வழிப்படுத்தி என்று எனக்குத் தெரிந்தவை நானாவுக்கு பைனரி, ஸ்விட்ச், ரவுட்டர். பரீட்சை ஆங்கிலத்தில், ஆகவே ஆங்கிலக் கேள்வியை நானா வாசிப்பார், அது என்ன கேட்கிறது என்று தமிழில் எனக்குச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அது விளங்கவில்லை என்று அர்த்தம். பல தடவை எனக்கும் விளங்கவில்லை. அப்போது இரண்டு பேரும் அந்தத் தடித்த புத்தகத்துக்குள் போவோம்.

பக்கெட் ட்ரேசர் என்று சிஸ்கோவே இலவசமாகக் கொடுக்கிற மென்பொருளில் திரையிலேயே வழிப்படுத்திகளை வைத்து இணைக்கலாம். நானாவுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. கூரைக்கு மேலே ஏறாமல் கேபிள் இழுக்கலாமே. ஒரு நாள் இரண்டு மணித்தியாலமாக ஒன்றும் வேலை செய்யவில்லை. முகவரி எல்லாம் சரி, மாஸ்க் சரி, ஆனால் வயரின் இரண்டு முனையிலும் சிவப்புப் புள்ளி. கடைசியில் பார்த்தால் 'நோ ஷட்டவுன்' என்ற கட்டளையைக் கொடுக்கவில்லை. வழிப்படுத்தியின் வாயில்கள் முதலில் மூடியேதான் இருக்கும். மூடாதே என்று நாங்கள் சொன்னால்தான் திறக்கும். தஹஜ்ஜத்துக்கு எழும்பி வந்த உம்மா எங்கள் கூச்சலுக்குக் காரணம் கேட்டார். நானா விளக்கினார்.

"மூடாத எண்டு செல்றத்துக்குத் தொற எண்டு செல்ல ஏலாதா?" என்றார் உம்மா. இன்றுவரை எங்கள் வீட்டில் யாராவது கதவைத் தட்டினால் "நோ ஷட்டவுன்" என்று குரல் வரும்.

பரீட்சை நாள் சுபஹுத் தொழுத உடனே மாவனல்லையில் பஸ் ஏறினோம். நானும் வருகிறேன் என்று அடம்பிடித்துப் போனேன். கடவுச்சீட்டு, அடையாள அட்டை இரண்டையும் எடுத்தாயா என்று உம்மா நான்கு தடவை கேட்டிருந்தார். கொழும்பில் பரீட்சை நிலையத்தில் நானாவின் கைபேசி, மணிக்கூடு, பணப்பை எல்லாவற்றையும் பெட்டியொன்றில் வைத்துப் பூட்டினார்கள். எழுதி அழிக்கிற ஒரு மட்டையும் பேனாவும் மட்டும் உள்ளே கொடுத்தார்கள். உட்கார்ந்ததும் முதலில் 128, 192, 224, 240 என்று அந்த வரிசையை மட்டையில் எழுதிவிடுங்கள் என்று சொல்லியிருந்தேன். அந்தப் பரீட்சையில் ஒரு கேள்வியைக் கடந்துவிட்டால் திரும்பிப் போய்த் திருத்த முடியாது. அது என்னை நானாவை விடப் பயமுறுத்தியது. கடந்தகால வினாத்தாள் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன். ஒரு கேள்விகூடச் செய்யவில்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நானா வெளியே வந்தபோது கையில் மடித்த தாள் இருந்தது. இந்தத் தடவை அதை அவரே விரித்துக் காட்டினார். பாஸ். நான் சத்தம் போட்டுவிட்டேன். அங்கிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"என்ன கேட்டாங்க? சப்நெட் வந்ததா? 94 மாதிரி ஏதும் வந்ததா?"

"செல்ல ஏலாது" என்றார் நானா. "ஒத்துக்கொண்டு வந்தீக்கிறன்."

பஸ் கடவத்தையைத் தாண்டும்போது அவருடைய கைபேசியில் செய்தி வந்தது. அந்தக் கோப்பை அனுப்பியவர்தான். மாஷா அல்லாஹ் என்று எழுதி, ஞாபகமிருக்கிற கேள்விகளை மறக்குமுன் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார். அவருக்கு அடுத்த மாதம் பரீட்சை. நானா திரையை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு 'ஞாபகமில்ல மச்சான்' என்று எழுதி அனுப்பினார்.

"அது பொய் நானா" என்றேன் மெதுவாக.

"பின்ன என்னத்தச் செல்லச் செல்றாய்? அவனும் கூரைக்கு மேலதான் இன்னமும் ஈக்கிறான்."

எனக்குப் பதில் வரவில்லை. நானா மறுபடியும் கைபேசியை எடுத்து, மேசையிலிருந்த எங்கள் கணக்குத் தாள்களை வீட்டுக்குப் போய்ப் படம் பிடித்து அனுப்புவதாக அவருக்கு எழுதினார். பிறகு ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். வேலை இன்னும் கிடைக்கவில்லை. இரண்டு இடத்துக்கு விண்ணப்பம் போயிருக்கிறது. வரும்போது வரக்காப்பொலையில் எள்ளுருண்டை வாங்கி வரும்படி உம்மா சொல்லியிருந்தார். அது எனக்கு ஞாபகம் வந்தபோது பஸ் கேகாலையைத் தாண்டியிருந்தது.