ஏலக்காய்க் காசில் ஒரு கல்லூரி

போடிநாயக்கனூரில் பட்டம் வாங்கியவர்களுக்கு வெளியூரில் ஒரு சின்னச் சங்கடம் உண்டு. சி.பி.ஏ. காலேஜ் என்றால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அதை விரித்து, கார்டமம் பிளான்டர்ஸ் அசோசியேஷன் கல்லூரி என்று சொன்னால் ஒரு சிரிப்பு வரும். மதுரை ரயிலில் ஒரு பெரியவர் என்னிடம், "பாயசத்துல போடுற ஏலக்காயா தம்பி? அதுக்கெல்லாமா காலேசு இருக்கு?" என்று கேட்டார். பி.எஸ்சி. தாவரவியல் படிப்பதாகச் சொன்னதும் அவருடைய சந்தேகம் உறுதியாகிவிட்டது.

தமிழ்நாட்டில் பழைய கல்லூரிகளை மிஷனரிகள் கட்டினார்கள், மடங்கள் கட்டின, செட்டியார்களும் மில் முதலாளிகளும் கட்டினார்கள். போடிக்கு ஜமீன் இருந்தது; காமுலம்மாள் பெயர் தாங்கிய பள்ளிக்கூடம் அந்த வழியில் வந்தது. கல்லூரி மட்டும் ஏலத்தோட்டக்காரர்களின் சங்கத்தால் வந்தது. காய் விளையும் தோட்டங்கள் பெரும்பாலும் இடுக்கியில், கேரளத்துக்குள். காசும் கணக்குப்பிள்ளையும் கூலியாட்களும் போடியிலும் கம்பத்திலும் தேவாரத்திலும். மலைக்கு மேலே விளைந்ததில் ஒரு பங்கு கீழே வகுப்பறையாக நின்றது. தோட்ட முதலாளிகளைப் பற்றிச் சொல்ல எனக்கு நல்லதும் பொல்லாததும் உண்டு. இது நல்ல கணக்கில் சேரும்.

நான் குரங்கணிக்காரன். போடியிலிருந்து முந்தல் வரை வந்து, நேரே போனால் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டு. பிரிந்து ஆற்றோடு போனால் குரங்கணி. பதினாறு கிலோமீட்டர்தான். ஆனால் சாயங்காலப் பேருந்தை விட்டுவிட்டால் போடியில் பெரியம்மா வீட்டுத் திண்ணைதான். பெரியம்மா காய் பிரிக்கப் போய்க்கொண்டிருந்தார். சல்லடையில் சலித்து, எட்டு எம்.எம். தனி, ஏழு தனி, வெடித்த காய் தனி, பூச்சிக்காய் தனி. போடித் தெருவில் நடந்தாலே ஏலக்காய் மணக்கும் என்று வெளியூர்க்காரர்கள் எழுதுகிறார்கள். உள்ளே உட்கார்ந்து பிரிக்கிறவர்களுக்கு மணம் அரைமணி நேரத்தில் மறந்துவிடும். தூசிதான் மிஞ்சும். பெரியம்மா தும்மிக்கொண்டே சோறு போடுவார்.

தாவரவியல் வகுப்பில் ஒருநாள் எலெட்டேரியா கார்டமோமம் வந்தது. பூங்கொத்து எங்கிருந்து கிளம்புகிறது, படம் போடுங்கள் என்றார் பேராசிரியர். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. டவுன் பையன்கள் இலைகளுக்கு நடுவில், உச்சியில் வரைந்தார்கள். அவர்கள் ஏலக்காயைப் பார்த்தது சல்லடையிலும் மூட்டையிலும். லீவுக்குத் தோட்டத்துக்குப் போனவர்கள் தூரில் வரைந்தோம். சரம் தூரிலிருந்துதான் விடும், தரையோடு படரும். அதனால்தான் பறிக்கிறவர்கள் நாள் முழுக்க ஈரத்தில் குந்தியபடியே நகர வேண்டியிருக்கிறது, அட்டை கடிக்கக் கடிக்க. அப்படிப் பறித்த பச்சைக்காய் நாலைந்து கிலோவை ஸ்டோர் என்கிற உலர்கூடத்தில் சூடேற்றி உலர்த்தினால் ஒரு கிலோ தேறும். எங்கள் படத்துக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. வாழ்க்கையில் கூலி வேலைக்கு மதிப்பெண் கிடைத்தது அந்த ஒரு தடவைதான்.

ஆறு எங்கள் மலையில் பிறந்து எங்களோடுதான் போடிக்கு வரும். கொட்டக்குடி ஆறு தேனிப் பக்கம் வைகையில் கலக்கிறது. முக்கால்வாசி மாதங்கள் ஊருக்குள் அது வெறும் கல்லும் மணலும். ஐப்பசி கார்த்திகையில் மட்டும் செம்மண் நிறத்தில் உறுமும். வகுப்பை வெட்டுகிறவர்களுக்கு அணைப்பிள்ளையார் தடுப்பணை இருந்தது. குளித்துவிட்டு ஈரத்தலையோடு மத்தியான வகுப்புக்கு வந்தால் கேள்வி கேட்காமலே வெளியே அனுப்பிவிடுவார்கள். பங்குனி சித்திரையில் இன்னொரு தொல்லை. இலவங்காய் வெடிக்கும். போடி இலவம்பஞ்சுக்கும் பேர் போன ஊர். பஞ்சு காற்றில் மிதந்து வந்து பரீட்சைத்தாளில் உட்காரும். ஊதிவிட்டு ஊதிவிட்டு எழுதுவோம். விடைத்தாள்கள் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்குப் போகும்.

வெளியூரிலிருந்து படிக்க வந்தவர்களை ஏமாற்ற எங்களிடம் ஒரு பழைய விளையாட்டு உண்டு. "எங்க ஊர்ல சென்ட்ரல் ஸ்டேஷன் இருக்கு, வாங்கடா" என்போம். ரயிலடி என்று நம்பி வருவார்கள். குரங்கணியிலிருந்து செங்குத்தாக நடந்து வியர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தால் நாலு வீடும் தேயிலையும் மேகமும் இருக்கும். இன்னும் மேலே போனால் டாப் ஸ்டேஷன். அடிக்க வருவார்கள்.

ஆனால் அது முழுப் பொய்யும் இல்லை. மூணாறுத் தேயிலையைக் கீழே இறக்க வெள்ளைக்காரர்கள் 1902இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். 1908இல் அது சிறிய ரயிலானது. டாப் ஸ்டேஷன் வரைதான் ரயில். அங்கிருந்து கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் தொங்கிக்கொண்டே எங்கள் பக்கம் கொட்டக்குடி அடிவாரத்துக்கு இறங்கின. அப்புறம் மாட்டுவண்டியில் போடி, தூத்துக்குடி, கப்பல், லண்டன். 1924 ஆடி மாத வெள்ளம், மலையாளத்தார் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்கிறார்களே அதுதான், மலை ரயிலை அடித்துக்கொண்டு போனது. மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928இல். இரண்டு ரயிலும் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை. நாலு வருஷம் முந்திப் பிந்திப் போகாமல் இருந்திருந்தால் எங்கள் பள்ளத்தாக்கின் தலையெழுத்தே மாறியிருக்கலாம் என்று விடுதி மொட்டைமாடியில் வாதாடியிருக்கிறோம். இன்றைக்கு யோசித்தால் மாறாமல் போனதே மேல் என்று படுகிறது. மூணாறு படும் பாட்டைப் பார்க்கிறோமே.

போடி ரயிலுக்கும் நிம்மதி இல்லை. போர்க்காலத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். சுதந்திரத்துக்குப் பிறகுதான் திரும்பப் போட்டார்கள். நாங்கள் போனது அந்த மீட்டர்கேஜில். தொண்ணூறு கிலோமீட்டருக்கு அது எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு பாடமே படித்து முடிக்கலாம். ஆண்டிபட்டிக் கணவாயில் மூச்சு வாங்கும். 2010 டிசம்பரோடு அதையும் நிறுத்தினார்கள். அகலப்பாதையில் மறுபடி போடிக்கு ரயில் வர 2023 ஜூன் ஆனது. இப்போது சென்னை சென்ட்ரலிலிருந்தே வாரம் மூன்று நாள் வருகிறது.

எங்கள் குரங்கணியின் பெயர் வெளியே தெரிந்தது இரண்டு தடவை. 2010இல் அங்கே எடுத்த 'மைனா' படம் வந்தபோது ஒன்று. 2018 மார்ச் 11, கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக்காரர்களைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டபோது மற்றொன்று. சிகிச்சையில் இருந்தவர்களையும் சேர்த்து இருபத்து மூன்று பேர் போனார்கள். அன்று இரவு போர்வையில் ஏணை கட்டி ஆட்களைத் தூக்கி வந்தவர்கள் மலைக்காரர்கள்தான். மாசி பங்குனியில் அந்தச் சரிவில் போதைப்புல் காய்ந்து நிற்கும். நாங்கள் அந்த மாதங்களில் பீடி பற்றவைக்கக்கூடப் பயப்படுவோம். வந்தவர்களுக்கு அதைச் சொல்ல யாராவது இருந்திருக்க வேண்டும். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

2012இல் போடிக்கு அரசுப் பொறியியல் கல்லூரியும் வந்துவிட்டது, மேலச்சொக்கநாதபுரத்தில். ஆனாலும் போடியைக் கல்லூரி ஊர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கேட்டால் ஏலக்காய் விலையைத்தான் சொல்வார்கள். ஏலம் இப்போது கணினித் திரையில் நடக்கிறது. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ ஏழாயிரம் ரூபாய்க்குப் போனதை நேற்று நடந்ததுபோல் டீக்கடையில் பேசுகிறார்கள். அன்று காய் கையிருப்பு வைத்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். கதை சொல்கிறவர்கள் ஊர் முழுக்க.

பெரியம்மாவின் பேத்தி அந்த எஞ்சினியரிங் காலேஜில் படிக்கிறாள். லீவுக்குக் காய் பறிக்கப் போனதில்லை. போக வேண்டிய நிலைமையும் இல்லை. போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது சும்மா கேட்டு வைத்தேன், ஏலச்செடியில் காய் எங்கே காய்க்கும் என்று. "இருங்க மாமா" என்று போனை எடுத்துத் தேடினாள். "தூர்ல" என்றாள். சரியான விடைதான். உள்ளேயிருந்து பெரியம்மா, "அதக் கேக்கத்தான் இம்புட்டுத் தூரம் வந்தியாக்கும்?" என்றார்.