மதிப்பெண் யாருக்கு?

பள்ளி செல்லும் பிள்ளையின் பெற்றோர் பிரிந்து வாழ நேர்ந்தாலும், பிள்ளையின் படிப்பு எந்த நிலையில் உள்ளது என்பது பற்றி அவர்களுக்குள் பெரும் வழக்கு எழுவதில்லை. முன்னேற்ற அறிக்கை என்று ஒன்று உண்டு. ஆசிரியை அதில் எழுதியதை இருவரும் ஏற்றே ஆக வேண்டும். வீட்டிலிருந்தே கற்கும் பிள்ளையின் நிலை வேறு. ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த நாளில், தாய் கற்பிப்பதைத் தந்தை நம்பினார்; அந்த நம்பிக்கையே முன்னேற்ற அறிக்கையாக இருந்தது. பிரிவு வந்ததும் முதலில் கிழிவது அதுதான்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் வீட்டுக் கல்வியைப் பற்றி வெளிப்படையாக எதுவும் கூறவில்லை. தேசிய திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் 3, 5, 8-ஆம் வகுப்புகளுக்கு இணையான அடிப்படைக் கல்வியையும், 14 வயது நிறைந்தோர்க்குப் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வையும் வழங்குகிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் பிள்ளை எங்கே நிற்கிறது என்று சொல்ல ஆளில்லை. பூசல் நுழைவது அந்த இடைவெளியில்தான்.

தம்பதியர் பிரிந்தபின் பிள்ளைகளின் பராமரிப்புக்கும் கல்விக்கும் தக்க ஏற்பாடு வேண்டும் என்கிறது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1154-ஆம் சட்டம். கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவும் பிள்ளையின் பராமரிப்பையும் கல்வியையும் சேர்த்தே பேசுகிறது. சோறு உண்டதா என்று பிள்ளையைக் கேட்டு அறிந்துவிடலாம். படிப்பு வந்ததா என்று எப்படிக் கேட்பது?

ஓய்வுபெற்ற ஆசிரியன் என்பதால் இக்கேள்வி ஒருமுறை என்னிடம் வந்தது. தாய் மயிலாப்பூரில், தந்தை தியாகராய நகரில். பையனுக்குப் பத்து வயது. பங்குத்தந்தை சொல்லி, இருவரும் இசைந்து, மூன்று சனிக்கிழமைகள் அவனோடு அமர்ந்தேன். உரக்கப் படிக்கச் சொன்னேன், படித்ததைத் தன் சொற்களில் எழுதச் சொன்னேன், பாட்டிக்கு ஒரு கடிதம், பிறகு கணக்கு. முதல் வாரம் சரியாகச் செய்த வகுத்தலை அடுத்த வாரம் தப்பாகச் செய்தான். மூன்றாம் வாரம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்: "சார், நல்லா போட்டா அம்மா ஜெயிப்பாங்க. தப்பா போட்டா அப்பா ஜெயிப்பாரு. எவ்வளவு மார்க் எடுத்தா ரெண்டு பேரும் ஜெயிப்பாங்க?"

சாலமோன் அரசனின் முன் கொண்டுவரப்பட்ட குழந்தைக்குப் பேசும் வயதில்லை. பேசியிருந்தால் இதைத்தான் கேட்டிருக்குமோ என்னவோ!

அன்று எனக்கு அடையாறு நினைவுக்கு வந்தது. 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று அங்கே வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார் மரியா மாண்டிசோரி அம்மையார். கத்தோலிக்கர். பிள்ளையை மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுத் தரம் பிரிப்பதைவிட, அருகிருந்து உற்றுநோக்கி, கண்டதைக் குறித்துவைப்பதே ஆசிரியரின் பணி என்றவர். தம் மகன் மாரியோவைப் பிறந்தவுடனே பிறர் வீட்டில் வளர விட்டு, அவர் பதின்வயது அடைந்த பின்னரே தம்மோடு சேர்த்துக்கொண்டவர். 1940-இல் ஆங்கில அரசு, இத்தாலியர் என்பதால் மாரியோவைக் காவலில் வைத்தது. தாயின் எழுபதாம் பிறந்தநாளையொட்டி விடுவித்தது. பிள்ளையைப் பிரிந்திருப்பது என்னவென்று அந்த அம்மையார் நூல்களில் படித்து அறிந்தவர் அல்லர்.

நான் மதிப்பெண் போடவில்லை. சென்ற ஆண்டு நோட்டுகளைத் தாயிடமிருந்து வாங்கி, அன்று அவன் செய்தது, இன்று செய்வது, அடுத்த மூன்று மாதங்களில் செய்ய வேண்டியது என்று எழுதினேன். ஒரே அறிக்கை, இரு படிகள். வாசிப்பு வயதை மிஞ்சி நின்றது. கணக்கில், பின்னம் அறவே வரவில்லை; தந்தையின் குறை அவ்வளவில் நியாயமானதே, அதையும் ஒளிக்காமல் எழுதினேன். பிரிவு நேர்ந்த ஐந்து மாதங்களில் நோட்டுகளில் ஏறத்தாழ எதுவும் இல்லை. அதை வீட்டுக் கல்வியின் தோல்வி என்று தந்தை சொன்னார். அதை நான் ஏற்கவில்லை. பள்ளியில் என் வகுப்பிலிருந்த பிள்ளைகளும், வீட்டில் இடி விழுந்த ஆண்டில், அப்படித்தான் வெற்றுத் தாளைக் கொடுத்தார்கள். அவர்களுக்கு வருகைப் பதிவேடு இருந்தது. அதனால் யாரும் தாயைக் குற்றம் சாட்டவில்லை.

தாய்க்கு அறிக்கை பிடிக்கவில்லை. தந்தைக்கும் முழுவதும் பிடிக்கவில்லை. பங்குத்தந்தை சிரித்துவிட்டு, அப்படியானால் சரியாகத்தான் இருக்கும் என்றார். பிறகு பின்னத்தைத் தந்தையே சனிக்கிழமைகளில் கற்பிப்பது என்று முடிவாயிற்று. மளிகைக் கடையில் அரைக்கிலோ, கால்கிலோ என்று தொடங்கினாராம். நோட்டு ஒன்றுதான், பையனின் பையில் இரண்டு வீடுகளுக்கும் போய் வருகிறது. வேண்டுமென்றே தப்பாகப் போடுவதை விட்டுவிட்டான். வகுத்தலில் மீதியை எழுத மறப்பது மட்டும் இன்னும் இருக்கிறது.