ஒரு பாக்கெட், ஒரு லிட்டர்

குழந்தைகள் வார்டில் வயிற்றுப்போக்கோடு வரும் பிள்ளையைக் கட்டிலில் கிடத்துவதற்குள் கூட வந்த பாட்டி கேட்டுவிடுவார்: "சிஸ்டர், ட்ரிப்ஸ் ஏத்தலயா?" ஊசி வழியாக ஏறினால்தான் வைத்தியம், வாய் வழியாகப் போனால் வெறும் தண்ணீர் என்பது நம் ஊரில் பலருடைய கணக்கு. இத்தனை வருட வேலையில் நான் பார்த்தவரை பெரும்பாலான பிள்ளைகளுக்கு ட்ரிப்ஸ் தேவைப்படுவதில்லை. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர், ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட், நாலு மணி நேரம் உட்கார்ந்து ஊட்ட ஓர் ஆள், இவ்வளவுதான் வேண்டும். மூன்றாவதுதான் லேசில் கிடைப்பதில்லை.

வந்ததும் கண் குழி விழுந்திருக்கிறதா, அழுதால் கண்ணீர் வருகிறதா, கைக்குழந்தையென்றால் உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறதா என்று பார்ப்போம். வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே படிய வேண்டும். இரண்டு விநாடிக்கு மேல் நின்றால் நிலைமை மோசம். ஆனால் ரொம்பவும் மெலிந்த பிள்ளைக்குச் சாதாரணமாகவே தோல் அப்படி நிற்கும். அதனால் நான் அதிகம் நம்புவது டம்ளரை. எட்டிப் பிடித்து ஆவலாகக் குடித்தால் நீரிழப்பு இருக்கிறது, சரிசெய்ய நேரமும் இருக்கிறது. டம்ளரைக் கண்டும் துவண்டு கிடந்தால் பாட்டி சொல்வதுதான் சரி: உடனே ட்ரிப்ஸ்.

ஒரு லிட்டர் பாக்கெட்டில் இருப்பது 20.5 கிராம். குளுக்கோஸ் 13.5, சோடியம் குளோரைடு 2.6, சிட்ரேட் உப்பு 2.9, பொட்டாசியம் குளோரைடு 1.5. குளுக்கோஸ், சோடியத்தைக் கையோடு கூட்டிக்கொண்டு குடற்சுவரைத் தாண்டும்; பின்னாலேயே தண்ணீர் போகும். பேதியாகிற குடலிலும் இந்த வழி அடைபடுவதில்லை. அளவு கெட்டால்தான் கெடும். சர்க்கரை கூடினால் குடல் தண்ணீரை உறிஞ்சாது, வெளியே விடும். இது தெரியாமல், பாக்கெட்டை ஒரே டம்ளரில் கொட்டிக் கலக்குகிறவர்களும், ருசிக்காக இரண்டு கரண்டி சர்க்கரை சேர்க்கிறவர்களும் உண்டு. கடையில் வாங்கிய ஒரு லிட்டர் பாட்டில் இருந்தால் அதையே அளவாக வைத்துக்கொள்ளலாம். 200 மில்லி பாக்கெட்டும் இருக்கிறது, பின்னால் இருப்பதைப் படித்துவிட்டுக் கலக்குங்கள். 24 மணி நேரம் ஆனதும் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

கடைகளில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரோடு இனிப்புப் பானங்கள் விற்றது தனிக் கூத்து. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்களுக்கு அந்தப் பெயர் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. ரொம்பத் தாமதம்.

ஊட்டுவது ஆஸ்பத்திரி ஆட்களால் மட்டும்தான் முடியும் என்றில்லை. 1971 பங்களாதேஷ் போரில் எல்லை தாண்டி வந்த அகதிகளிடையே காலரா பரவியபோது, பங்காவ் முகாமில் ஏற்றுவதற்கான திரவம் போதவில்லை. டாக்டர் திலீப் மகலானபீஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பீப்பாய்களில் வைத்து, ஊட்டும் வேலையை நோயாளிகளின் சொந்தக்காரர்களிடமே விட்டார். முப்பது சதவீதம் வரை போயிருந்த சாவு நாலு சதவீதத்துக்கும் கீழே வந்தது.

அதனால் ட்ரிப்ஸ் கேட்ட அதே பாட்டியின் கையில் பாலாடையைக் கொடுத்துவிடுவேன். என்னைவிடப் பக்குவமாகப் புகட்டுவார். ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன். பத்துக் கிலோ பிள்ளைக்கு நாலு மணி நேரத்தில் 750 மில்லி போக வேண்டும். டம்ளரோடு கொடுத்தால் மடமடவென்று குடித்துவிட்டு மொத்தத்தையும் கக்கும். உடனே "இது ஒத்துக்கல" என்று நிறுத்திவிடுவார்கள். வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து இன்னும் மெதுவாகத் தொடங்கினால் போதும்.

இன்னொன்று, ஓ.ஆர்.எஸ். பேதியை நிறுத்தாது. போகிற தண்ணீரை ஈடுகட்டும், அவ்வளவே. மூன்று நாலு நாள் போகத்தான் செய்யும். தாய்ப்பாலையும் கஞ்சியையும் நிறுத்தாதீர்கள். ஜிங்க் மாத்திரையை, பேதி நின்றாலும், 14 நாளும் கொடுங்கள். பிள்ளை குடிக்க மறுத்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ, துவண்டாலோ வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். விழுங்க முடிகிற பிள்ளையென்றால், ஆஸ்பத்திரிக்கு வரும் வழியிலும் ஸ்பூனை நிறுத்தாதீர்கள்.