சாந்திவனத்தில் ஒரு நாள்

குளித்தலையை அடுத்துக் காவிரிக் கரையில் தண்ணீர்ப்பள்ளி என்றோர் ஊர். அங்கே மரங்களின் நிழலில் அமைந்துள்ளது சச்சிதானந்த ஆசிரமம். ‘சாந்திவனம்’ என்றும் அதற்குப் பெயர். சென்ற மாதம், மன அமைதியை இழந்தவனாய் அங்குச் சென்றேன்.

காரணத்தை மறைப்பானேன்? எங்கள் பங்கில் புதிய மணிக்கூண்டு எழுந்தது. அதன் கல்வெட்டில் எவர் பெயர் முதலில் வரவேண்டும் என்று இரு குடும்பத்தார் பகைத்துக்கொண்டனர். திருப்பலியில் ஒருவருக்கொருவர் சமாதானம் கூறவும் மறுத்தனர்.

சாந்திவனத்துக் கோயிலின் முகப்பில் சிறு கோபுரம். உள்ளே இருண்ட கருவறை. அங்கே நற்கருணைப் பேழை. எல்லாரும் தரையில் அமர்ந்து செபிக்கின்றனர். ‘உபயம்’ என்று பெயர் எழுதிய பெஞ்சுகளையே பார்த்துப் பழகிய கண்களுக்கு அது புதுமையாயிருந்தது. உணவு வேளையில் அருகிலிருந்தவர் என் பெயரைக் கேட்கவில்லை. நான் குரு என்பதையும் அறிந்துகொள்ள முயலவில்லை. உண்மையைச் சொன்னால், அது என் மனத்தைச் சற்றுச் சுட்டது.

1939இல் பிரான்சு நாட்டிலிருந்து வந்த தந்தை மோன்சானின், 1948இல் வந்த பெனடிக்ட் சபைத் துறவி லெ சோவுடன் சேர்ந்து, 1950இல் இவ்வாசிரமத்தைத் தொடங்கினார். இருவரும் காவியுடுத்தி, பரம அரூபி ஆனந்தம் என்றும் அபிஷிக்தானந்தர் என்றும் பெயர் பூண்டனர்.

பெயரை மாற்றுவது எளிது. புதிய பெயருக்கும் புகழ் தேடலாம். அரிது வேறொன்று. தந்தை மோன்சானின் எதிர்நோக்கிய சீடர் கூட்டம் வரவேயில்லை. கண்ட பலன் ஏதுமின்றி, நோயுற்று 1957இல் பாரிசு நகரில் அவர் கண்மூடினார். அபிஷிக்தானந்தரோ 1968இல், குரிசுமலையிலிருந்து வந்த தந்தை பீட் கிரிபித்சிடம் ஆசிரமத்தை ஒப்படைத்துவிட்டு இமயமலைப் பக்கம் சென்றுவிட்டார். ‘நான் நட்டது’ என்று அவர் உரிமை பாராட்டவில்லை. தந்தை கிரிபித்சு 1993இல் தாம் மறையும்வரை அதனை வளர்த்தார்.

சத்து, சித்து, ஆனந்தம் என்னும் மூன்று சொற்களில் மூவொரு இறைவனையே அவர்கள் தியானித்தனர். தந்தை தம்மை முழுவதும் மகனுக்கு அளிக்கிறார். மகன் தந்தைக்கு அளிக்கிறார். அவ்வன்பே பரிசுத்த ஆவி. ஆட்கள் மூவர்; ஆயினும் ‘எனக்கே’ என்னும் சொல் அங்கில்லை. ஆகவே தன்னை இழத்தல் என்பது ஆள் அழிந்துபோவதன்று. ‘எனக்கே’ என்று இறுக மூடிய கை திறப்பது. கை திறந்தாலன்றி மற்றவன் கையைப் பற்றுவது எப்படி?

அந்தக் கருவறை இருளில் ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் கல்வெட்டின் வரைவில், எல்லாப் பெயர்களுக்கும் மேலே, பெரிய எழுத்தில் இருந்தது என் பெயர்! சண்டையிட்டவர்களைக் கண்டித்த எனக்கு அதுவரை அது உறுத்தவேயில்லை.

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக என் பெயரை அடித்துவிட்டு, வரைவைப் பங்குப் பேரவையிடம் கொடுத்தேன். மறுநாள் ஒரு குடும்பத்துப் பெரியவர் வந்து, “சாமி, எங்க பேரும் வேண்டாம்” என்றார். மற்றவர் இன்னும் வரவில்லை. காத்திருக்கிறேன்.

மணி மட்டும் வேளை தவறாமல் ஒலிக்கிறது. அதன் ஓசையில் எவர் பெயரும் இல்லை. இரு வீட்டாரும் அது கேட்டே சிலுவை அடையாளம் இடுகின்றனர்.